குழுவில் பேச்சைக் காப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொழில், ஆர்வலர் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயி, அன்றைய விலை நிலவரத்தை அங்காடிக்குள் நுழைவதற்கு முன்பே கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். பாலக்கோடு தக்காளி மண்டியின் விலை, மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய்க்குச் சொல்லும் விலை, ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்கு எந்த ஜாப் ஆர்டர் யாரிடம் இருக்கிறது என்ற செய்தி ஆகியவையும் இன்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களின் வழியாகவே பரவுகின்றன. முன்பு டீக்கடையிலும் மண்டித் திண்ணையிலும் நடந்த பேச்சு இங்கே எழுத்தாகவும் குரல் பதிவாகவும் நிலைத்துவிடுவதால், அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அட்மின் என்று அழைக்கப்படும் இரண்டு மூன்று பேரின் தலையில் விழுகிறது.

இத்தகைய குழுக்கள் இரண்டு வழிகளில் கெடுகின்றன. காலை வணக்கப் படங்களும் கட்சிச் சண்டைகளும் வசைகளும் நிறைந்து, வேலைக்கு ஆகும் தகவல் கண்ணில் படாமல் போவது முதல் வழி. சண்டைக்குப் பயந்த அட்மின் கண்ணில் பட்டதையெல்லாம் நீக்கி, கேள்வி கேட்டவரை வெளியேற்றி, கடைசியில் ‘அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று பூட்டிவிடுவது இரண்டாவது வழி. முதல் வகைக் கேட்டை எல்லோரும் கேடு என்றே சொல்கிறார்கள். இரண்டாவதையோ ‘குழு இப்போது அமைதியாக இருக்கிறது’ என்று பாராட்டுகிறார்கள். என் கருத்தில் இரண்டாவதே பெரிய இழப்பு. விவசாயி ஒருவர் தமக்கு நேர்ந்த நட்டத்தைச் சொல்லி இன்னொருவரைக் காப்பாற்ற முடியாத குழு, எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அதனால் பயன் இல்லை. எனவே இந்த வழிகாட்டி, எதை நீக்குவது என்பதைவிட, எதை எந்த நெருக்கடியிலும் நீக்காமல் காப்பது என்பதற்கே கூடுதல் இடம் தருகிறது.

முதல் படி: குழுவின் நோக்கத்தை எழுதி வையுங்கள்

குழு விவரப் பகுதியில் ஒரே வாக்கியம் போதும், ஆனால் அது முழுமையாக இருக்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்போர் குழு என்றால் இப்படி எழுதலாம்: ‘புழு வளர்ப்பு, நோய், மல்பெரி, கூடு விலை, அரசுத் திட்டங்கள் பற்றி ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், நமக்கு முட்டை, இளம்புழு, மருந்து, தளவாடம் விற்பவர்கள் மீதான குறைகளையும் நிறைகளையும் பேசவும் இக்குழு.’ இந்த வாக்கியத்தின் பின்பாதியைப் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு முதல் குறை வந்தவுடன், ‘இது அதற்கான இடம் இல்லை’ என்று சொல்லி ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. குறை பேசுவதும் குழுவின் வேலைதான் என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், குறை சொல்பவர் விதி மீறியவராகத் தோன்ற மாட்டார்.

நோக்கம் தெளிவாக இருந்தால் விதிகள் தாமே பிறக்கும் என்பதற்கு யானை நல்ல எடுத்துக்காட்டு. கேழ்வரகு விளையும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளுக்கு வருகின்றன. யானை எந்த ஏரிக்கரையில் நிற்கிறது என்ற செய்தி, அந்தப் பகுதி விவசாயிகள் குழுவில் அந்த நிமிடமே வர வேண்டும். இரவுக் காவலுக்குப் போகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. அதே செய்தி காட்டுயிர்ப் படம் எடுப்போர் குழுவில் அதே நிமிடம் வந்தால், கேமராவோடும் இருசக்கர வாகனத்தோடும் ஒரு கூட்டம் அங்கே திரண்டு, யானையும் மிரண்டு மனிதரும் மிதிபட வழி ஏற்படுகிறது. ஆகவே படம் எடுப்போர் குழு, யானை அந்த இடத்தை விட்டுச் சென்ற பிறகே, இடப்பெயர் குறிப்பிடாமல் படத்தைப் பகிர வேண்டும் என்று விதி வைப்பது நியாயம். விவசாயிகள் குழு அதே விதியை வைத்தால் அது கேடு. பறவைக் கூடுகள் இருக்கும் மரத்தின் இடத்துக்கும் இதே அளவுகோல்தான். வேறொரு குழுவின் விதிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் படி: கருத்துக்கு அல்லாமல், பேசும் முறைக்கு விதி செய்யுங்கள்

விதிகள் ஐந்தாறு போதும். ஒவ்வொன்றையும் எழுதியதும் ஒரு சோதனை வையுங்கள்: எனக்கு உடன்பாடான கருத்தைச் சொல்பவர் இதே முறையில் பேசினாலும் இந்த விதியை அவர் மீது செலுத்துவேனா? செலுத்த மாட்டேன் என்றால், நீங்கள் எழுதியிருப்பது முறையைப் பற்றிய விதி இல்லை. உங்களுக்குப் பிடிக்காத கருத்தைத் தடுக்கும் வேலி.

‘அரசியல் பேசக் கூடாது’ என்ற விதி ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது, அதிகம் தவறாகப் பயன்படுவதும் அதுதான். மாங்காய் விலை சரிந்த ஒரு பருவத்தில், ஆலைகள் தரும் விலை பறிப்புக் கூலிக்கே போதவில்லை, அரசு விலை நிர்ணயிக்க வேண்டும், ஆட்சியரிடம் மனு கொடுப்போம் என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அரசியல்தான் என்று சொல்லி நீக்கிவிடலாம். ஆனால் மா விவசாயிகள் குழுவில் இதைவிட முக்கியமான பேச்சு வேறு என்ன இருக்க முடியும்? எனவே விதியை இப்படிப் பிரித்து எழுதுங்கள்: கட்சிப் பிரசாரம், தலைவர்களைப் புகழ்வது, இகழ்வது, தேர்தல் வாக்குச் சேகரிப்பு ஆகியவை வேண்டாம், விலை, மானியம், நீர், மின்சாரம், அரசுத் துறைகளின் செயல்பாடு ஆகியவற்றைப் பற்றிப் பேசலாம், குறையும் சொல்லலாம்.

சாதியைப் பற்றிய விதியில் தளர்வுக்கு இடமில்லை. 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தருமபுரி. இங்கே சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் ஒரு வரி வெறும் வரியாக நின்றுவிடுவதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகவும் ஆகலாம். நேராகப் பெயர் சொல்லாமல் ‘அவங்க ஆளுங்க’ என்று சுற்றி வளைப்பதும் இதில் அடங்கும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: சாதியின் பெயரால் தம்மை இழிவாக நடத்தினார்கள் என்று ஓர் உறுப்பினர் சொல்வது சாதிப் பேச்சு ஆகாது. கொள்முதல் இடத்தில் தம்மை மட்டும் கடைசி வரை காக்க வைக்கிறார்கள் என்று ஒருவர் எழுதினால், ‘இங்கே சாதி பேசாதீர்கள்’ என்று அவர் வாயை அடைப்பது, இழிவுபடுத்தியவருக்குத் துணை போவதாகவே முடியும். இவ்விரண்டையும் பிரித்தறியாத அட்மின் நல்ல எண்ணத்தோடே அநீதி செய்துவிடுவார்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் ஏராளம். தமிழில் எழுதத் தயங்கி, குரல் பதிவாகவோ தங்கள் மொழியிலோ கேட்பவரை விதி மீறியவராகக் கருதாமல், புரிந்தவர் ஒருவர் சுருக்கத்தை எழுதி உதவும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

மூன்றாம் படி: யார் அட்மின், யாருக்கு எதில் ஆதாயம்

ஒரே அட்மின் போதாது. மூவர் இருப்பது நல்லது, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது இன்னும் நல்லது. பட்டுப்புழு மனையில் நாள்தோறும் தழை போடுவதும் படுக்கை மாற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் குழுவில் கணவரின் எண் மட்டும் இருக்கிறது, அல்லது தம் எண்ணில் சேர்ந்து ஒரு கேள்வி கேட்ட பெண்ணுக்கு இரவு பத்து மணிக்குமேல் தனிச்செய்தி வரத் தொடங்குகிறது. குழுவில் கிடைத்த எண்ணைப் பயன்படுத்தித் தனிச்செய்தியில் தொல்லை கொடுப்பது குழுவுக்குள் நடந்த விதிமீறலாகவே கருதப்படும் என்று எழுதி வையுங்கள். ‘அது தனிப்பட்ட விஷயம், எங்களுக்குத் தொடர்பில்லை’ என்று விலகுவதால் பெண்களின் குரல் குழுவிலிருந்து ஓசையின்றி மறைகிறது. இப்படிப் பறிபோகும் பேச்சுரிமையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

இளம்புழு வளர்ப்பு மையம் நடத்துபவர், மருந்துக் கடைக்காரர், மாங்கூழ் ஆலைக்குக் காய் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஆகியோர் அட்மினாக இருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பல குழுக்களைத் தொடங்கி நடத்துவதே அவர்கள்தான். ஆனால் அவர்களுடைய தொழில் என்ன என்பது குழு விவரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவர்களது தொழிலைத் தொடும் செய்தியை நீக்கும் முடிவை மற்ற இருவரே எடுக்க வேண்டும். துறை அதிகாரிகள் உறுப்பினராக இருக்கும் குழுவில், மானியம் தாமதமானதைப் பற்றி எழுத விவசாயி தயங்குகிறார் என்பதும் கண்கூடு. அதற்குத் தீர்வு, வளர்ப்போர் மட்டும் இருக்கும் தனிக்குழு ஒன்றையும், அதிகாரிகளும் வணிகர்களும் சேர்ந்த பொதுக்குழு ஒன்றையும் வைத்துக்கொள்வதே.

நான்காம் படி: குறையை நீக்காமல் கையாளுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான் என்பதால் ஒரே ஒரு நிகழ்வை விரிவாகப் பார்ப்போம். ஒரு காலை பட்டுப்புழு வளர்ப்போர் குழுவில் இப்படி ஒரு செய்தி வருகிறது, ஓர் இளம்புழு வளர்ப்பு மையத்தின் பெயரோடு: ‘அந்த சென்டர் பிராடு. புழு எல்லாம் செத்துப்போச்சு. யாரும் வாங்காதீங்க.’ சில நிமிடங்களில் மையத்தின் உரிமையாளர் கொதித்தெழுந்து பதில் எழுதுகிறார், அவருடைய உறவினர் இருவர் சேர்ந்துகொள்கிறார்கள், நான்காவது பதிலிலேயே ஊர்ப்பெயரும் வீட்டுப் பெண்களும் இழுக்கப்படுகிறார்கள். அட்மினின் கை முதலில் போவது எல்லாவற்றையும் நீக்குவதை நோக்கியே.

அங்கே சற்று நிறுத்துங்கள். அந்த முதல் செய்திக்குள் உண்மை இருந்தால் அது அதே தொகுதிப் புழுவை வாங்கிய மற்றவர்களுக்கு உடனே தேவையான செய்தி. இளம்புழு மையங்கள் வழக்கமாக இரண்டாம் தோல் உரிப்பு வரை வளர்த்துக் கொடுக்கின்றன. அதன்பின் ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் கூடு கட்ட வேண்டும். புழுவைத் தாக்கும் பெப்ரின் என்ற தொற்றுநோய் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவும் வரக்கூடியது, நுண்ணோக்கிச் சோதனையில்தான் உறுதியாகும். அப்படியானால் குறை வாங்கிய இடத்தில் இருக்கலாம். கிராசரி என்ற வைரஸ் நோயாக இருந்தால் முந்தைய வளர்ப்புக்குப் பின் மனையைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததும் காரணமாகலாம். பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் தெளித்த பூச்சிமருந்து காற்றில் வந்து மல்பெரித் தழையில் படிந்து புழு மாண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் மையத்தின் மீது குற்றமே இல்லை. அந்த ஒரு வரிச் செய்தியை வைத்து இவற்றில் எதையும் தீர்மானிக்க முடியாது. நீக்கினாலும் தவறு, அப்படியே விட்டாலும் தவறு என்ற நிலையில், அட்மின் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது.

வசையாக வந்த பதில்களை நீக்கிவிட்டு, குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, இப்படி எழுதுங்கள்: ‘அண்ணா, உங்கள் நட்டம் எல்லோருக்கும் தெரிய வேண்டியது, அதனால் முழு விவரத்தோடு எழுதுங்கள். எந்தத் தேதியில், எத்தனை முட்டைத்தொகுதிக்கான புழு வாங்கினீர்கள்? எந்தத் தோல் உரிப்புக்குப் பின் சாகத் தொடங்கியது? பட்டு வளர்ச்சித் துறையில் புழுவைக் காட்டினீர்களா? மையத்தில் சொன்னீர்களா, என்ன பதில் வந்தது? பிராடு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள்.’ மையத்தின் உரிமையாளரிடமும் அதே மரியாதையோடு கேளுங்கள்: ‘அதே நாளில் வேறு யாருக்குப் புழு போனது, அவர்களுக்கு எப்படி இருக்கிறது, அண்ணா?’ அடுத்து, அதே மையத்தில் அதே வாரம் வாங்கியவர்கள் இருந்தால் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்று அழையுங்கள். இரண்டு பேர் நன்றாக வந்தது என்றும், மூவர் தங்களுக்கும் சாகிறது என்றும் எழுதினால், அந்தக் குழுவால் நூற்றுக்கணக்கான தட்டுப் புழுக்களைக் காக்கவோ, ஒரு நல்ல மையத்தின் பெயரைக் காக்கவோ முடியும்.

விவரம் கேட்டும் அவர் தராமல், வசையை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதினால், அப்போது நீக்கலாம். ‘ஆதாரம் இல்லாமல் எழுதாதே’ என்று முதலிலேயே தடுப்பதை நான் ஏற்கவில்லை. சிறு விவசாயியிடம் ஆய்வக அறிக்கை இருக்காது, செத்த புழுவின் படமும் வாங்கிய ரசீதும்தான் இருக்கும். அது போதும், தம் கண்ணால் கண்டதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுத உதவுவதே உங்கள் வேலை.

ஐந்தாம் படி: நடவடிக்கைக்கு வரிசையும் காரணமும் வேண்டும்

முதலில் குழுவிலேயே ஒரு நினைவூட்டல், பிறகு தனிச்செய்தியில் எச்சரிக்கை, மூன்றாவதாகச் செய்தியை நீக்குதல், அதன்பின் சில நாள் நிறுத்தம், கடைசியாக வெளியேற்றம். டெலிகிராமில் ஓர் உறுப்பினரை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு எழுதவிடாமல் நிறுத்திவைக்கலாம். குழு முழுவதும் கொதிக்கும் நேரத்தில், ஒருவர் அடுத்த செய்தி எழுத இடைவெளி கட்டாயமாக்கும் வசதியும் அதில் உண்டு. சாதி இழிவு, பாலியல் தொல்லை, மிரட்டல், ஒருவரின் முகவரியையோ குடும்பப் படத்தையோ பரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவற்றில் உடனடி வெளியேற்றமே சரி, அதற்கு முன் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அட்மின் ஒரு செய்தியை நீக்கினால், அட்மின் நீக்கியது என்பது அங்கேயே எல்லோருக்கும் தெரிகிறது. காரணம் மட்டும் தெரிவதில்லை, அந்த இடைவெளியில் வதந்தி நுழைகிறது. பெரிய சமூக ஊடக நிறுவனங்களுக்காக 2018இல் வகுக்கப்பட்ட சாண்டா கிளாரா கோட்பாடுகள், எவ்வளவு நீக்கப்பட்டது என்ற கணக்கு, நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு, மேல்முறையீட்டு வாய்ப்பு ஆகிய மூன்றைக் கேட்கின்றன. முந்நூறு பேர் உள்ள மாங்காய்க் குழுவுக்கும் இந்த மூன்றும் பொருந்தும்: ஒரு நோட்டில் தேதி, செய்தி, காரணம் என்று எழுதி வையுங்கள், உரியவருக்குச் சொல்லுங்கள், நீக்காத இன்னொரு அட்மினிடம் முறையிட வழி வையுங்கள்.

ஆறாம் படி: ஃபார்வேர்டு செய்திகள்

2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்யால், நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற வரம்பு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அது ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை, அனுப்புபவர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் நீக்கலாம் என்பது எளிய விதி. சொந்தமாக எழுதியதற்கு இந்தக் கடுமை வேண்டாம். தவறான மருந்து அளவு போன்றவற்றை நீக்குவதைவிட, அதன் கீழேயே திருத்தத்தை எழுதி நிறுத்துவது மேல், ஏனெனில் முன்பே படித்துவிட்டவர்களுக்குத் திருத்தம்தான் போய்ச் சேர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நீக்கிவிட்டுத் திருத்தம் எழுதுங்கள்.

ஏழாம் படி: சட்டத்தைத் தேவையான அளவு தெரிந்துகொள்ளுங்கள்

1908இல் மேடைப் பேச்சுக்காக அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23 அன்று மறைந்தது தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில். ஆட்சியை எதிர்த்துப் பேசுவதே குற்றமாக இருந்த அந்தக் காலத்துக்குப் பின், அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தந்தது. பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காக மட்டும் நியாயமான கட்டுப்பாட்டை 19(2) அனுமதிக்கிறது. இந்த உரிமை முதன்மையாக அரசை நோக்கியது என்பதால், விதிப்படி ஒருவரைக் குழுவிலிருந்து நீக்குவதால் நீங்கள் அரசியல் சட்டத்தை மீறிவிட்டதாக ஆகாது. ஆயினும் அதன் அளவுகோலை இரவல் வாங்கலாம். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய உச்ச நீதிமன்றம், ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை வலியுறுத்துவது, குற்றத்துக்குத் தூண்டுவது ஆகிய மூன்றையும் வேறுபடுத்தியது. முதல் இரண்டும் கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும் பாதுகாக்கப்பட வேண்டியவை.

உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் சிறைக்குப் போவார் என்ற பயம்தான் பல குழுக்களைப் பூட்ட வைக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு பற்றிய வழக்கில், மனுதாரர் அட்மின் என்ற பங்கை மட்டுமே ஆற்றியிருந்தால் காவல் துறையின் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று கூறியது. மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் இதே திசையில் தீர்ப்பளித்தன. நீங்களே அதைப் பகிர்ந்தால், தூண்டினால், திட்டமிட்டுச் சேர்ந்து செய்தால் பொறுப்பு உண்டு.

அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை, தம் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்ன குற்றச்சாட்டு, கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு விடுத்த எச்சரிக்கை ஆகியவற்றுக்கு அப்பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பட்டுப்புழு எடுத்துக்காட்டில் தேதியும் அளவும் கேட்டு வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: விவரத்தோடு எழுதப்பட்ட குறை, எழுதியவரையும் காக்கும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதறி நீக்கிவிடாமல், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.

எட்டாம் படி: உங்கள் மீதே குறை வந்தால்

தம்மைக் குறை சொல்லும் செய்தியை எந்த அட்மினும் தாமே நீக்கக் கூடாது. அது வசையாகவே இருந்தாலும் மற்றொரு அட்மின்தான் தொட வேண்டும். குழு நிர்வாகத்தைப் பற்றிய வாதங்கள் அன்றாடப் பேச்சை மூழ்கடிக்கும் என்ற கவலை நியாயமானதே. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியா ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டுரைகளிலிருந்து பிரித்து, பொது விவகாரங்களைப் பேசுவதற்கென்றே ‘ஆலமரத்தடி’ என்ற பக்கம் அங்கே இருக்கிறது. நீங்களும் விதிகளையும் நீக்கங்களையும் பற்றி மட்டும் பேச ஒரு துணைக்குழு திறக்கலாம். விரும்பியவர் யாரும் அதில் சேரலாம், யாரையும் அங்கிருந்து நீக்குவதில்லை என்ற ஒரே உறுதியோடு.

ஆண்டுக்கு ஒருமுறை, மாங்காய்ப் பருவம் முடிந்த பிறகோ பொங்கலுக்கு முன்போ, வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்தி ஓர் அட்மினையாவது மாற்றுங்கள். மாறும் நாளில் நீக்கங்களின் நோட்டைப் புதியவரிடம் கொடுத்து, வெளியேற்றப்பட்டவர்களில் திரும்பச் சேர விரும்புபவர் யார் என்று கேட்டறியச் சொல்லுங்கள். மிரட்டலுக்கும் சாதி இழிவுக்கும் தொல்லைக்கும் வெளியேற்றப்பட்டவர்கள் தவிர மற்றவர்களை, விதிகளை ஒருமுறை வாசித்து ஒப்புக்கொண்டால், புதிய அட்மின் சேர்த்துக்கொள்ளலாம்.